பெயர் பொறிக்காத கல்லறைகள்

வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய நம் சகோதரர்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் பஹ்ரைனில் வாழ்ந்தவர்கள் ஆலி என்னும் ஊரை அறிந்திருக்கக் கூடும். மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் வீடுகளுக்கிடையே சிறு குன்றுகள் போல் உயர்ந்து நிற்கும் மண்மேடுகள் பல. அவை இயற்கை அமைத்த மேடுகள் அல்ல. கி.மு. 2200-க்கும் 1750-க்கும் இடைப்பட்ட காலத்தில் தில்முன் என்னும் பெயரால் வழங்கிய நாகரிகத்தார் தம் இறந்தோரை அடக்கிய கல்லறைகள் அவை. குடியிருப்புகளும் சாலைகளும் பெருகியதில் அழிந்தவை போக எஞ்சியுள்ள 11,774 மேடுகளை 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஐக்கிய அரபு நாட்டின் அல் அய்ன் நகரையொட்டிய ஹஃபீத் மலையடிவாரத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகள் உள்ளன. ஓமன் நாட்டின் பாத், அல் அய்ன் என்னும் இடங்களில், தேன்கூடு போன்ற வடிவில் அடுக்கிய கற்கல்லறைகள் மலைமுகட்டில் வரிசையாக நிற்கின்றன. 1988-லேயே அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. பிழைப்புக்காகக் கடல் கடந்த நம்மவர் விடுமுறை நாட்களில் வணிக மாளிகைகளையும் கடற்கரைகளையும் கண்டு மகிழ்வது இயல்பு. எனினும் நெடுஞ்சாலையை விட்டு விலகி இத்தகைய இடங்களுக்குச் சென்றவர்கள், ஊர் திரும்பிய பின்னும் அவற்றை மறப்பதில்லை.

அவர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். அங்கே கண்டு வியந்ததைப் போன்ற கல்லறைகள் நம் நாட்டு மலைகளிலும் நிற்கின்றனவே, அவற்றைக் கண்டதுண்டா? இக்கேள்வியை மனத்திற்கொண்டே, ஈண்டு கொல்லிமலையை நோக்கி வாசகர்களை அழைக்கின்றோம்.

மலையும் மக்களும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பரந்து கிடப்பது கொல்லிமலை. அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மலைமீது சென்றதும் மிளகுக் கொடிகளும் பலாமரங்களும் காப்பித் தோட்டங்களும், பள்ளத்தாக்குகளில் நெல்வயல்களும் தென்படும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வளவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று, மலையின் பகுதிகள் இன்றும் நாடுகள் எனவே வழங்குகின்றன. சோழமண்டலமும் பாண்டிய மண்டலமும் பெயரளவில் மறைந்துவிட்ட பின்னரும், பழந்தமிழரின் நாட்டுப் பிரிவு என்னும் சொல் இம்மலையில் உயிரோடிருக்கிறது.

சங்ககாலத்தில் இம்மலை வல்வில் ஓரிக்கு உரியதாயிருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்க நூல்கள் தரும் செய்தி. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை எழுந்துள்ளது. ஆடித் திங்களில் அவன் பெயரால் அரசு விழாவும் நடைபெறுகிறது. மலைக்கு வருவோர் அச்சிலையைக் காண்பர். அறப்பளீசுவரர் கோவிலைக் காண்பர். நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி ஆகாய கங்கை அருவியில் நீராடுவர். பின்னர் வந்த வழியே இறங்கிவிடுவர்.

அப்பாதையிலிருந்து விலகிய மேடுகளிலும் காட்டோரங்களிலும் நிற்கும் கற்திட்டைகளைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. வழிகாட்டும் பலகையும் நுழைவுச் சீட்டும் அங்கு இல்லை. விவரமறியாதவர் கண்ணுக்கு அவை சாய்ந்து கிடக்கும் பலகைக் கற்களாகவே தோன்றும்.

கற்திட்டை என்பது யாது?

பண்டைத் தமிழகத்தார் இறந்தோருக்கு எடுத்த ஈமச் சின்னங்கள் பலவகை. பெரிய மட்கலத்தில் எலும்புகளை இட்டுப் புதைத்தது முதுமக்கள் தாழி. நிலத்தைத் தோண்டி, கற்பலகைகளை நாற்புறமும் நிறுத்தி, பெட்டிபோல் அமைத்தது கற்பதுக்கை. நிலத்திற்கு மேலே கண்ணுக்குத் தெரியுமாறு எழுப்பியது கற்திட்டை. இவற்றைச் சூழ வட்டமாகக் கற்களைப் பதித்தால் அது கல்வட்டம். ஒற்றைக் கல்லை ஓங்கி நட்டால் அது நெடுங்கல். ஆதிச்சநல்லூர் போன்ற ஆற்றங்கரை நிலங்களில் தாழிகள் மிகுதி. கல் மலிந்த மலைநாடுகளில் கற்திட்டைகள் மிகுதி. மண் கிடைத்த இடத்தில் மண்ணாலும் கல் கிடைத்த இடத்தில் கல்லாலும் அவர்கள் தம் கடமையைச் செய்துள்ளனர்.

கற்திட்டையின் அமைப்பு எளியது; ஆனால் அதனை எழுப்பிய உழைப்பு எளியதன்று. மூன்று அல்லது நான்கு பலகைக் கற்களைச் சுவராக நிறுத்துவர். அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றுவர். பல திட்டைகளில் முன்புறக் கல்லில் வட்டமான துளை ஒன்று காணப்படும். அதனை இடுதுளை என்பர் ஆய்வாளர்.

மூடுகல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தார் மட்டும் முயன்று அதனைப் பெயர்த்திருக்க முடியாது. பாறையைப் பிளக்கத் தெரிந்தவர், கயிறு திரிப்பவர், உருட்டுக் கட்டைகளைக் கொணர்பவர், ஒரே மூச்சில் இழுப்பவர் என ஊரே திரண்டால் அன்றி அக்கல் மேலேறாது. ஆகவே ஒவ்வொரு திட்டையும், ஒரு மனிதரின் மறைவுக்காக ஓர் ஊர் தன் வேலையை நிறுத்திக் கூடியது என்பதற்குச் சாட்சி.

இதன் பொருள் நமக்கு நன்கு விளங்கும். நம் மஹல்லாக்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால், செய்தி கேட்டவுடன் கடைகள் மூடப்படுகின்றன. அறிந்தவரும் அறியாதவரும் சந்தூக்கிற்குத் தோள் கொடுக்க முந்துகின்றனர். ஊரில் ஒருவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் பொறுப்பாவர் என்னும் அளவுக்கு அது கூட்டுக் கடமை. வழிபாடும் நம்பிக்கையும் வேறாயினும், இறந்தவரைத் தனியே விட்டுவிடலாகாது என்னும் உணர்வு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. கொல்லிமலையின் மூடுகற்களைத் தூக்கிய தோள்களும் அவ்வுணர்வையே சுமந்தன.

எழுத்தில்லாதோரின் ஏடு

இக்கல்லறைகளை எடுத்தவர்கள் தம்மைப் பற்றி எதையும் எழுதிவைக்கவில்லை. பெயரில்லை, ஆண்டில்லை, அரசனைப் புகழும் வரியுமில்லை. நம் மையவாடிகளில் மீஸான் கற்களை நடுகிறோம். காயல்பட்டினம் போன்ற பழம்பதிகளில் அரபு எழுத்துப் பொறித்த பழங்கற்கள், அடங்கியிருப்பவர் யார், எப்போது மறைந்தார் என்பதை இன்றும் கூறுகின்றன. மலையின் கற்களோ பேசுவதில்லை. ஆகவே அவற்றின் உள்ளும் அருகிலும் கிடக்கும் பொருள்களே அம்மக்களின் வரலாற்றுக்கு ஏடும் எழுத்தாணியும் ஆகின்றன.

அவ்வேட்டைப் படிக்கத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. மலபாரில் தாம் கண்ட கல்லறைகளைப் பற்றி பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை 1823-இல் வெளிவந்தது. ஜெர்மானியரான யாகோர் 1876-இல் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அலெக்சாந்தர் ரீ அதே இடத்தில் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிப் பல ஆண்டுகள் அகழ்ந்தார். பழனி மலைத்தொடரின் கற்திட்டைகளை ஆங்கிலேட், நியூட்டன் என்னும் பாதிரிமார் இருவர் அளந்து வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. நீலகிரி, சேர்வராயன், சவ்வாது, பழனி, கொல்லி என மலைதோறும் இம்மரபு பரவியிருந்ததை அறிஞர் உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது.

கல்லறைகள் கூறிய செய்திகள் வியப்பூட்டுபவை. உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாகச் சுட்ட மட்கலங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், கோடரிகள், அரிவாள்கள், மணிகள் ஆகியன அவற்றில் கிடைத்தன. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. ஊரில் மணி செய்யும் பட்டறைகளும் இரும்பு உருக்கும் உலைகளும் இருந்ததை அங்கு 1985 முதல் நடந்த அகழாய்வுகள் காட்டின. இறந்தவரோடு அவர் நேசித்த பொருளையும் வைத்தனுப்பிய அம்மக்கள், தம்மையறியாமலே தம் தொழிலையும் வணிகத்தையும் நமக்குப் பதிவுசெய்து தந்துவிட்டனர்.

அண்மைக் காலத்தில் இவ்வேட்டின் பக்கங்கள் மேலும் விரிந்துள்ளன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்மணிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், அவை கி.மு. 1155-ஐச் சேர்ந்தவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தெரியவந்தது. சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் பழமை கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. அறிஞர்கள் இதனை ஆராய்ந்தும் வாதிட்டும் வருகின்றனர். அஃது அறிவுலகின் நன்னெறியே. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்வளவு பெரிய செய்திகளுக்கு மூலமாக இருந்தவை பொற்குவியல்கள் அல்ல. ஒரு பிடி நெல்லும், ஒரு துண்டுக் கரியும், துருவேறிய இரும்பும், அவை கலையாமல் கிடந்த மண்ணுமே.

சங்க இலக்கியத்திலும் இம்மரபின் நினைவு உண்டு. தலைவனை இழந்த துயரத்தில், குயவனை விளித்துத் தாழியைப் பெரிதாக வனையச் சொல்லும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இறந்தோரைச் சுடுவதும், வெட்டவெளியில் இடுவதும், குழியில் புதைப்பதும், தாழியால் மூடுவதும் எனப் பலவகை அடக்க முறைகள் ஒரே சுடுகாட்டில் நடந்ததை மணிமேகலை பதிவுசெய்கிறது. நூலிற் படித்ததைக் கண்ணால் காண வேண்டுவோர் இம்மலைகளுக்குத்தான் செல்ல வேண்டும்.

அச்சம் காத்த கற்கள்

எழுதிய பெயர் இல்லாத இக்கற்களுக்கு மக்களே பெயர் சூட்டினர். தமிழகத்தின் வெவ்வேறு பகுதிகளில் பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு, குரங்குப் பட்டடை என்றெல்லாம் அவை வழங்குகின்றன. வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய இல்லங்கள் என்பார் சிலர். முன்னொரு காலத்தில் வாழ்ந்த சாண் உயரக் குள்ளர்களின் வீடுகள் என்பார் வேறு சிலர். வாசல் இவ்வளவு சிறிதாயிருந்தால் உள்ளே வாழ்ந்தவரும் சிறியவராகத்தானே இருந்திருக்க வேண்டும் என்பது எளிய மனத்தின் தருக்கம்!

கொல்லிமலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கூறுவர். அண்ணன் தம்பியர் மூவர் பிரிந்து சென்று சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அவர்களிடை வழங்கும் வரலாறு. அவர்கள் சொல்லும் கதையின்படியே பார்த்தாலும், இக்கற்களை எடுத்தவர் அவர்களுக்கும் முன்னர் இம்மலையில் வாழ்ந்தவராதல் வேண்டும். ஆயினும் தமக்கு உறவென்று அறியாதவரின் இல்லங்களை அவர்கள் இடித்தெறியவில்லை. உழும்போது கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளைக்கூட வீசிவிடாமல், சேர்வராயன், கொல்லி முதலிய மலைகளின் சிறு கோவில்களில் சேர்த்து வைத்தனர். அருங்காட்சியகம் என்னும் சொல்லையே கேட்டறியாதவர்கள் தொல்பொருளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர் என்பது போற்றத்தக்கது.

இப்பாதுகாப்புக்குப் பின்னால் இருந்தது மரியாதை மட்டுமன்று, அச்சமும் இருந்தது. குள்ளரின் வீட்டைக் கலைத்தால் தீங்கு வரும், அங்கே உறங்குவோரின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று பாட்டியர் சொன்ன சொல், வேலியும் காவலரும் இல்லாத இடத்தில் வேலியாகவும் காவலாகவும் நின்றது.

அந்த வேலி இன்று பல மலைகளில் சரிந்து வருகிறது. சாலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, வாகனங்கள் வந்தன. இவையெல்லாம் மலைமக்களுக்குக் கிடைக்க வேண்டிய நன்மைகளே. ஆனால் அச்சம் போன இடத்தில் அறிவு வந்து அமரவில்லை. அதனால் வீடு கட்டவும் வரப்பு அமைக்கவும், நன்றாகப் பிளந்த பலகைக்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று பெயர்த்துச் செல்வோர் தோன்றினர். பொக்கிஷம் இருக்கும் என்னும் பேராசையால் இரவில் வந்து தோண்டுவோரும் தோன்றினர். தோண்டியவர்க்கு அகப்படுவது உடைந்த மட்கலமும் துருப்பிடித்த இரும்புமே. ஏமாற்றத்தோடு அவற்றை எறிந்துவிட்டுப் போகின்றனர். எறிந்த அந்த ஓட்டிலும் சிதறிய அந்தக் கரியிலும் ஓராயிரம் ஆண்டு வரலாறு இருந்தது. கலைந்த மண்ணை எந்தப் பேராசிரியராலும் மீண்டும் பழையபடி அடுக்க முடியாது.

நாம் செய்யத் தக்கது

முஸ்லிம்களாகிய நமக்கு இக்கற்களோடு என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் கேட்கலாம். தொடர்பு இருவகையில் உண்டு.

முதலாவது, நாம் இம்மண்ணின் மக்கள். நம் முன்னோர் பெரும்பாலோரும் இத்தமிழ் நிலத்தில் பிறந்து, இதன் நெல்லை உண்டு, இதன் மொழியைப் பேசி வாழ்ந்தவர்களே. சிவகளைத் தாழியில் கிடந்த நெல்லை விளைவித்த கைகளும், கொல்லியின் கல்லை உயர்த்திய தோள்களும் இன்று தமிழ்பேசும் எல்லாருக்கும் பொதுவான முன்னோருடையவை. பிற்காலத்தில் தோன்றிய எந்தப் பிரிவினரும் அவர்களைத் தமக்கே உரியவர் என்று வேலியிட்டுக்கொள்ள இயலாது. எங்களுக்கு உரியவரல்லர் என்று கைகழுவிவிடவும் இயலாது.

இரண்டாவது, அடக்கத்தலத்தை மதித்தல் நமக்குப் போதிக்கப்பட்ட பண்பு. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அவர் யூதராயிற்றே என்று தோழர்கள் நினைவூட்டியபோது, அவரும் ஓர் ஆன்மாவே என்னும் கருத்தில் மறுமொழி தந்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மறைந்தவரின் பெயரும் குலமும் சமயமும் தெரிந்த பிறகே மரியாதை செலுத்துவது என்னும் நிபந்தனை அங்கில்லை. முன் வாழ்ந்த சமுதாயங்களின் சுவடுகளைப் பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் அறிவுறுத்துவதையும் நாம் அறிவோம். வணக்கம் வேறு, மரியாதை வேறு என்பதைத் தெளிவாக உணர்ந்த சமுதாயம், இக்கற்களின் முன் எவ்விதத் தயக்கமுமின்றி நிற்கலாம், சிந்திக்கலாம், காக்கலாம்.

ஆகவே கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு செல்லும் அன்பர்கள் அருவியோடு திரும்பிவிடாமல், உள்ளூர்ப் பெரியவர் ஒருவரின் துணையோடு ஒரு கற்திட்டையையேனும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூடுகல்லின்மேல் ஏறிப் புகைப்படம் எடுக்க வேண்டாம். பெயரைக் கீற வேண்டாம். கண்ணிற்பட்ட ஓட்டையோ மணியையோ நினைவுப் பொருளாக எடுத்துவர வேண்டாம்; எடுத்த இடத்தை விட்டு நீங்கினால் அதன் வரலாறும் நீங்கிவிடும். மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே கூறுகிறது. கற்கள் பெயர்க்கப்படுவதைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் எழுதலாம். நம் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மாணவர் சுற்றுலாவில் இத்தகைய இடம் ஒன்றைச் சேர்க்கலாம். மாணவர்கள் இடத்தைக் குறித்து, அளந்து, படமெடுத்து வைப்பதே பெருந்தொண்டு. இன்று குறிக்கப்படாத கல், நாளை காணாமற்போனால் காணாமற்போனதுகூடத் தெரியாமற்போகும்.

கொரியாவில் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய இடங்களின் கற்திட்டைகள் 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். பஹ்ரைனில் எஞ்சியவற்றைக் காப்பதற்குள் எத்தனையோ மேடுகள் அழிந்துபோயின. காத்தவரின் பெருமையும் காலந்தாழ்த்தியவரின் இழப்பும் நம் கண்முன் இருக்கின்றன.

இதுகாறும் கொல்லிமலைக் கற்களைக் காத்தது மலைமக்களின் அச்சம். இனி அவற்றைக் காக்க வேண்டியது நம் எல்லாருடைய அறிவு. பெயர் பொறிக்காமல் சென்றவர்கள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற அமானிதம் அது. அமானிதத்தின் உரிமையாளர் கேட்டு வரப்போவதில்லை என்பதற்காக, அதனைப் பேணும் கடமை குறைந்துவிடுவதில்லை.